டேங்க்கில் துரு, பெட்ரோலில் சாராயம்: மோல்மீன் மெக்கானிக்கிடம் கேட்டவை

மழை விட்டு, மூடி வைத்த வண்டிகளை வெளியே எடுக்கும் நேரம். எத்தனால், அதாவது சாராயம், கலந்த பெட்ரோல் பற்றிய கேள்விகள் பர்மாவின் பல ஊர்களிலிருந்து குவிந்து கிடக்கின்றன. எனக்குத் தெரிந்தது டேங்க்கும் கார்பரேட்டரும்தான். அதற்குள் கேளுங்கள். கேட்டவரின் ஊர்ப் பெயரை முன்னால் போட்டிருக்கிறேன்.

பா-ஆன்: அண்ணே, இங்கே எல்லைப் பக்கமிருந்து வருகிற பெட்ரோலைத்தான் பாட்டிலில் விற்கிறார்கள். எத்தனால் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தாய்லாந்தில் கேசோஹால் 91, கேசோஹால் 95 என்று விற்பதில் 10 சதவீதம் எத்தனால். இ20 என்பதில் 20. எத்தனால் சேராத பென்சின் 95உம் அங்கே உண்டு, விலைதான் கூடுதல். எல்லை ஊரான மியாவடி தாண்டி இங்கே பாட்டிலுக்குள் வந்த பிறகு எது எதுவென்று விற்கிறவருக்கே தெரியாது. நிறத்தை வைத்துச் சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

ஒல்லியான கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுங்கள். வெளியே காகிதப் பட்டை ஒட்டி, பத்து சம அளவாகக் கோடு போடுங்கள். முதல் கோடுவரை தண்ணீர், மிச்சம் ஒன்பதும் பெட்ரோல். மூடிக் குலுக்கி, மூடியை ஒருமுறை திறந்து காற்றை விட்டு, பத்து நிமிஷம் வையுங்கள். பெட்ரோல் மேலே போய்விடும், தண்ணீர் அடியில் தங்கும். நடுவே ஒரு கோடு தெளிவாகத் தெரியும். அது முதல் கோட்டிலேயே நின்றால் எத்தனால் இல்லை. இரண்டை ஒட்டி ஏறியிருந்தால் இ10, அதாவது 10 சதவீதம் எத்தனால். மூன்றை நெருங்கினால் இ20. சாராயம் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். அடுப்படியில் செய்யாதீர்கள்.

தட்டோன்: எத்தனால் தகரத்தைத் தின்றுவிடும் என்கிறார்களே?

தின்பது தண்ணீர். எத்தனால் அதை உள்ளே இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் இ10 ஏறக்குறைய ஐந்து மில்லி தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும். பத்து லிட்டர் டேங்க்குக்கு 50 மில்லி, அரை டம்ளர்கூட இல்லை. அதைத் தாண்டினால் தண்ணீரும் சாராயமும் கைகோத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். டேங்க்கின் அடி மூலையையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் அரிப்பது அந்தக் கலவைதான்.

தினம் ஓட்டுகிறவருக்குப் பயம் குறைவு. கொஞ்சம் ஈரம் சேர்ந்தாலும் பெட்ரோலோடு எரிந்து போய்விடும். தீமிதிக்கு மட்டும் வண்டியை எடுத்து, மற்ற நாளெல்லாம் பூட்டி வைக்கிறவர்தான் கவலைப்பட வேண்டும். வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் நம்முடையது. நிறுத்துமுன் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, கார்பரேட்டரைக் காய வையுங்கள். இதைப் பத்து முறையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெகு: தாத்தாவின் பழைய இங்கிலீஷ் வண்டி. டேப்பில் கசிவு. மூடியைச் சுற்றி டேங்க் பெயின்ட்டும் கொப்பளிக்கிறது.

அந்தக் காலத்து டேப்புக்குள் தக்கை இருக்கும். காய்ந்தால் சுருங்கும், கசியும். கழற்றி வெந்நீரில் ஊறப் போட்டுப் பாருங்கள், பல தக்கைகள் மீண்டு வரும். ஆனால் அரக்கு பூசிய தக்கையானால் கதையே வேறு. நம் தச்சர்கள் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத்தானே மேசைக்குப் பாலிஷ் போடுகிறார்கள்? ஸ்பிரிட் என்றால் சாராயம்தான். எத்தனால் பெட்ரோல் அதே வேலையை உங்கள் டேங்க்குக்குள் செய்கிறது. தக்கை ஃப்ளோட், அரக்கு பூசி ஒட்டிய கேஸ்கெட், எல்லாவற்றையும் பாருங்கள். ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள், எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் கிடைத்தால் நல்லது. கொப்பளித்த பெயின்ட்டுக்கு மருந்து கிடையாது. சிந்தினால் உடனே துடையுங்கள்.

மாண்டலே: துரு பிடிக்காமலிருக்க டேங்க்குக்குள் என்ன லைனிங், அதாவது உள்பூச்சு, போடலாம்?

ஓட்டையோ ஊசித் துளையோ இல்லாத டேங்க்குக்கு எதுவும் வேண்டாம். முதலில் துருவை எடுங்கள். டேப்பைக் கழற்றித் துளையை அடைத்து, லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த வெந்நீரை ஒரு ராத்திரி நிறுத்துங்கள். பித்தளைக் குடத்துக்குப் புளி போடுகிற மாதிரிதான். காலையில் கொட்டி, சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, சூட்டோடு சூடாகக் காய வைத்து, எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். ஈரமாக அரை மணி நேரம் விட்டால் மறுபடி செம்பட்டை படியும்.

போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு டப்பா கலக்கும் நோவலாக் எப்பாக்ஸி. மழைக்காலத்தில் போடாதீர்கள். நான் ஒரு ஆடி மாதம் அவசரப்பட்டுப் போட்டேன். ஆறு மாதத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்து டேப்பை அடைத்துக்கொண்டது.

முடோன்: பத்து லிட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அடியில் நிற்பதை இறக்கிவிட்டால் எத்தனால் போய்விடுமே. நான் அப்படித்தான் செய்கிறேன்.

போய்விடும். எஞ்சின் தட்டாமல் காக்கும் ஆக்டேனும் கூடவே குறைந்துவிடும். எத்தனால் ஏற்றித் தரும் என்று கணக்குப் போட்டுத்தான் அடிப் பெட்ரோலைக் குறைந்த ஆக்டேனில் தயாரிக்கிறார்கள். பிளாஸ்டிக் கேனில் குலுக்கினால் நிலை மின்சாரப் பொறி வேறு.

தட்டோன் (மறுபடியும்): என் புல்லட்டுக்கு ஆக்டேன் எதற்கு? ஜெனரல் நே வின் ஆட்சிக் காலத்தில் கோட்டா பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தே ஓட்டினோம்.

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பழைய புல்லட் அழுத்தம் குறைந்த எஞ்சின், எதைக் குடித்தாலும் டுப்பு டுப்பென்று போகும். கழுவிய பெட்ரோலை ஒரு நாள் தெளியவிட்டு, மேலாக மொண்டு ஊற்றுங்கள்.

முடோன்: அப்படியென்றால் நான் செய்வது சரிதானே?

அவருக்குச் சரி. நீங்கள் ஓட்டுவது புது எஞ்சின் என்று போன வாரம் நீங்களே சொன்னீர்கள். எஞ்சின் தட்டுகிற சத்தம் கேட்டால் என்னிடம் வராதீர்கள். அப்புறம், இறக்கிய அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்?

முடோன்: தென்னை மரத்தடியில்.

மரத்தைப் பற்றி அடுத்த வருஷம் பேசலாம்.

டூ ஸ்ட்ரோக் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற வண்டியில் தண்ணீரும் சாராயமும் அடியில் பிரிந்து நின்றால், அந்த அடுக்கில் ஆயில் இருக்காது. டேப் அடியிலிருந்துதான் எடுக்கிறது. ஒரு மைல் போவதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம்.

மோல்மீன்: எந்த லைனிங் நல்லது?

மாண்டலேக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ரங்கூன்: நகருக்குள் 2003இலிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை. அப்பாவின் வண்டி வீட்டில் நிற்கிறது. டேங்க்கை நிரப்பி வைக்கவா, காலியாக வைக்கவா?

எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் கழுத்துவரை நிரப்புங்கள், ஈரக்காற்றுக்கு இடமிருக்காது. கிடைக்காவிட்டால் முழுக்க வடித்து, எண்ணெய் விட்டுச் சுழற்றி, மூடியை இறுக்கி மூடுங்கள். அரை டேங்க் இ10 மட்டும் வேண்டாம். கார்பரேட்டரைக் காய வைக்க மறக்காதீர்கள்.

பெகு: லைனிங் போட்டால்…

இல்லை.

பா-ஆன்: அண்ணே, பாட்டில் சோதனை செய்யப் போனேன். நான் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே அடியில் ஒரு விரல் தண்ணீர் நிற்கிறது!

அப்படியானால் எத்தனாலை விடுங்கள், கடையை மாற்றுங்கள். பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டிக் காசைத் திரும்பக் கேளுங்கள். போகும்போது வாயில் சுருட்டு வேண்டாம்.