நடைபாதையில் நின்று வழி தேட வேண்டாம்

கேள்வி: என் மகள் முதுகலைப் படிப்புக்காக லண்டன் செல்கிறாள். திருச்சியை விட்டுத் தனியாக எங்கும் போய்ப் பழக்கமில்லாதவள். அங்கே செல்பேசிப் பறிப்பு மிகுதி என்கிறார்கள். பத்திரமாகப் போய்வர அவளுக்கு என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லி அனுப்ப முடியும் என்றால், தெருவில் நின்றுகொண்டு வழி தேடாதே என்று சொல்லுங்கள். சுரங்க ரயில் நிலையத்தின் படியேறி வெளியே வந்ததும், நடைபாதையின் விளிம்பில் நின்று, கையை நீட்டிச் செல்பேசியில் வரைபடம் பார்ப்பதுதான் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் செய்வது. பறிப்பவர் பெரும்பாலும் மின்சார மிதிவண்டியில் பின்புறமிருந்து ஓசையின்றி வந்து, ஒரு கையால் செல்பேசியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த திருப்பத்தில் மறைந்துவிடுவார். ஆகவே, எந்த வாயில் வழியாக வெளியேறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை நிலையத்துக்குள்ளேயே பார்த்து மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இடையில் சந்தேகம் வந்தால் ஒரு கடைக்குள் நுழைந்தோ, சுவரில் முதுகு படும்படி ஒதுங்கி நின்றோ பார்க்கலாம்.

மத்திய லண்டனின் தெருக்களில் ஆளுயர வரைபடப் பலகைகள் நிற்கின்றன. அவற்றில் வடக்கு மேலே இருக்காது. பார்ப்பவர் எந்தத் திசையை நோக்கி நிற்கிறாரோ அதுவே வரைபடத்தின் மேல்பகுதியாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் நடந்து எட்டக்கூடிய தூரத்தை ஒரு வட்டமும் காட்டும். முதல் வாரத்தில் செல்பேசியை வெளியே எடுக்காமலே நடக்க அந்தப் பலகைகள் பெரிதும் உதவும்.

சாலையைக் கடப்பதில் நம்மவர்கள் ஏமாறுவதற்கு வேறொரு காரணம் உண்டு. அங்கும் வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்வதால் எல்லாம் நம் ஊர் போலத்தான் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் நாம் சாலையைக் கண்ணால் மட்டும் கடப்பதில்லை. ஹாரன் சத்தம் கேட்டு ஒதுங்கியே வளர்ந்திருக்கிறோம். லண்டனில் ஹாரன் அடிப்பது அரிது, மின்சாரக் கார்களும் மிதிவண்டிகளும் வருவதே தெரியாது. ஒருவழிச் சாலைகளிலும்கூட மிதிவண்டிகள் எதிர்த்திசையில் வர அனுமதிக்கப்பட்ட இடங்கள் உண்டு என்பதால், இருபுறமும் திரும்பிப் பார்க்க வேண்டும். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு நடக்கவே கூடாது. கறுப்பு வெள்ளைக் கம்பத்தின் உச்சியில் மஞ்சள் விளக்கு மின்னும் கடவுகளில் வாகனங்கள் நமக்காக நிற்கும். அவை நின்றுவிட்டதை உறுதி செய்துகொண்டு நிதானமாக நடந்தால் போதும், கையைக் காட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதில்லை. ஆய்ஸ்டர் எனப்படும் லண்டன் பயண அட்டையையோ வங்கி அட்டையையோ ஏறும்போது ஒருமுறை தொட்டால் போதும். சுரங்க ரயிலில் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒரே அட்டையைத் தொட வேண்டும். பகலில் மாடிப் பேருந்தின் மேல்தளத்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்து போய்வந்தால் ஊர் தானாகப் பிடிபடும். இரவு நேரத்தில் கீழ்த்தளத்தில், ஓட்டுநருக்கு அருகில் அமரச் சொல்லுங்கள்.

கேள்வி: இரவில் நேரமாகிவிட்டால் வாடகைக் கார் பிடிக்கலாமா?
– அதே வாசகி

பதில்: கூரையில் விளக்கு எரியும் கறுப்பு டாக்சியைத் தெருவில் கைகாட்டி நிறுத்தலாம். மற்ற வாடகைக் கார்களை முன்பதிவு செய்தே ஏற வேண்டும் என்பது அங்கே சட்டம். எனவே, ரயில் நிலைய வாசலில் தாமாக வந்து கார் வேண்டுமா என்று கேட்பவரின் வண்டியில் எந்த நிலையிலும் ஏறக் கூடாது. பதிவு செய்த காரிலும், வண்டி எண்ணையும் ஓட்டுநரின் படத்தையும் சரிபார்த்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

ஆபத்து என்றால் 999 என்ற எண்ணை அழைக்கலாம். ரயிலில் யாரேனும் தொல்லை கொடுத்தால், 61016 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ரயில்வே போலீசாருக்குச் சென்றுசேரும். செல்பேசியே பறிபோய்விட்டால் இந்த எண்கள் அதனுடன் போய்விடும் என்பதால், தங்குமிட முகவரியையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பையில் வைக்கச் சொல்லுங்கள். புறப்படும் முன் அவள் செல்பேசியில் *#06# என்று அழுத்தினால் தோன்றும், அந்தச் செல்பேசியின் 15 இலக்க அடையாள எண்ணை நீங்களும் உங்கள் வீட்டு நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். போலீசில் புகார் கொடுக்கும்போது அந்த எண் தேவைப்படும்.