வள்ளம் இழுக்கும் டிராக்டருக்கு ஆயில் பிரேக் மாற்றலாமா?

அண்ணே, தொண்டிக் கரையில் வள்ளம் இழுக்கிற டிராக்டரில் டிரை பிரேக் (எண்ணெய் இல்லாமல் இயங்குவது) துருப்பிடித்து ஒரு பக்கம் மட்டும் கவ்வுகிறது, ஆயில் பிரேக் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உப்புத்தண்ணீர் உள்ளே போய் டிஸ்க்கைத் தள்ளுகிற குண்டுகளும் அவை உருளும் பள்ளமும் துருப்பிடித்திருக்கும், அதனால்தான் மிதித்தால் விடமாட்டேன் என்கிறது. ஆயில் பிரேக்கில் டிஸ்க்குகள் மூடிய கூட்டுக்குள் எண்ணெயில் சுழல்கின்றன, சூட்டையும் எண்ணெயே வாங்கிக்கொள்ளும், மணலும் உப்பும் எளிதில் அண்டாது. ஆனால் பழைய கூட்டில் எண்ணெய் ஊற்றினால் ஆயில் பிரேக் ஆகிவிடாது. டிஸ்க்கில் உராய்கிற லைனிங் வேறு, எண்ணெய் கசியாமல் அடைக்கிற சீல் வேறு. மாற்றுகிற செலவுக்கு, ஆயில் பிரேக்கோடு வந்த பழைய வண்டியைப் பார்ப்பதே நல்லது என்பேன்.

அப்படி வாங்கினாலும் ஒன்று: ரோட்டில் ஓடிச் சூடான வண்டியை உடனே கடலில் இறக்காதீர்கள். கூடு சட்டென்று குளிரும்போது உள்காற்று சுருங்கி, சீல் வழியாகவோ பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நன்றாக ஆறட்டும். எண்ணெய் பால் டீ நிறத்தில் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அன்றே மாற்றுங்கள், சீலையும் பாருங்கள்.

அதுவரை இருக்கிற பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் ரோட்டில் ஏற்ற வேண்டாம். ஒரு பக்கம் கவ்வினால் வண்டி திரும்பிவிடும் அண்ணே, பின்னால் ஆள் நிற்பார்கள்.