ஆணி அடிக்காத வீடுகள்

அன்புள்ள சார்,

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கோல திரெங்கானு போய் திரெங்கானு மாநில அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். கட்டடம் பிரம்மாண்டம். ஆனால் வெளியே வந்த பிறகு சுல்தான்களும் அரச உடைகளும்தான் மனத்தில் நிற்கின்றன. சாதாரண மலாய்க்காரர்களின் வாழ்க்கை அங்கே எங்கே இருக்கிறது? நான் சரியாகப் பார்க்கவில்லையா?

ஓர் ஆசிரியை, ஈப்போ

அன்புள்ள டீச்சர்,

விளக்கப் பலகைகளை மட்டும் படித்துக்கொண்டு போனால் அப்படித்தான் தோன்றும். வீட்டை யாருக்காகக் கட்டினார்கள் என்று எழுதி வைப்பார்கள், கட்டிய தச்சரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை வளாகத்தில் நிற்கும் பழைய மரவீடுகளின் கிட்டே போய்ப் பொருத்துகளைக் கவனியுங்கள். தூணும் உத்திரமும் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும். இரும்பு ஆணியை நம்பிக் கட்டிய வீடுகள் இல்லை அவை. அதனால் வீட்டையே கழற்றி வேறு இடத்தில் பொருத்திவிடலாம். கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் இஸ்தானா சத்து, 1884இல் திரெங்கானுவில் கட்டிய அரண்மனைதான்.

அப்புறம் படகுகள். என்னைக் கேட்டால் அந்த அருங்காட்சியகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கோல திரெங்கானுவை ஒட்டிய டுயோங் தீவுத் தச்சர்கள் வரைபடம் வைத்துக்கொண்டு படகு கட்டியவர்கள் இல்லை. கண்ணும் கையும்தான் அளவு. முதலில் செங்கால் என்ற கடினமான மரத்தின் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பி, மர முளைகளால் இறுக்குவார்கள். உள்ளே விலாச் சட்டம் வைப்பது அதற்குப் பிறகுதான். ஐரோப்பியக் கப்பல் தச்சர்கள் பெரும்பாலும் சட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் பலகை அடித்தார்கள். இங்கே பலகைகளுக்கு நடுவே கெலாம் மரப்பட்டையை வைப்பார்கள். தண்ணீர் பட்டதும் அது உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஒரு வரிகூட எழுதி வைக்காமல் அப்பா மகனுக்குக் கையால் கொடுத்த படிப்பு இது. எனக்கு அரச உடைகளைவிட இதன்மேல்தான் மரியாதை அதிகம்.

திரெங்கானுவின் கோல பெராங் பக்கம் கிடைத்து, இப்போது அந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டையும் அரசர் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அரபு எழுத்தை ஒட்டிய ஜாவி எழுத்தில் மலாய் மொழி. கடன் விவகாரம், தகாத உறவுக்குத் தண்டனை, ஆளின் அந்தஸ்துக்கு ஏற்ப மாறும் தண்டம் என்று ஊரில் நடப்பதைத்தான் பேசுகிறது. கல் உடைந்திருப்பதால் ஆண்டு முழுமையாகக் கிடைக்கவில்லை. 1303 என்பது பரவலான கணக்கு. 1380களுக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

மாணவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் அன்றைக்கே டுயோங்குக்கும் கூட்டிப் போங்கள். பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. தொழில் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. இளைஞர்கள் அதிகம் வருவதில்லை. பழைய படகுகளுக்குக் கூரை போடும் அரசு, கூலி கொடுத்து நாலு பையன்களை அந்தத் தச்சர்களிடம் பழக விட வேண்டும்.

அன்புடன்