கடைசி ஆள் யார்?

அன்புள்ள அக்கா,

போலந்தில் வ்ரோட்ஸ்வாவ் நகரில் வேலை பார்க்கிறேன். இங்குள்ளவர்களின் அன்றாடத்தைப் பற்றி முகநூலில் வேடிக்கையாகச் சில குறிப்புகள் எழுதி வந்தேன். லிஃப்டில் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள், இறங்கும்போது மட்டும் 'போய் வருகிறேன்' என்பார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டால் முட்டிவலியில் தொடங்கி வீட்டுக்கடன் வரை சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய கெண்டை மீனைக் குளியல் தொட்டியில் நீந்த விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே கடையைச் சாத்திவிடும். மூடிய கதவு எதைக் கண்டாலும் வரிசை கட்டுவார்கள். ஊர் முழுக்க வெண்கலத்தில் குள்ளர் பொம்மை வைத்து விளையாடும் குழந்தைத்தனம் வேறு. நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் போலந்துக்காரர் ஒருவர் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்துவிட்டு, 'இத்தனை நாள் இங்கே இருந்து இதைத்தான் பார்த்தாயா?' என்று கேட்டார். அதற்குப் பிறகு சரியாகப் பேசுவதில்லை. வெளியூர்க்காரனுக்குச் சிரிக்க உரிமை இல்லையா? நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரிக்க உரிமை உண்டு. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் எழுதும் இத்தகைய குறிப்புகளைச் சில மாதங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஜெர்மனி, ஜப்பான், கனடா என்று ஊர்தான் மாறுகிறது. எல்லாவற்றிலும் எனக்கு ஒரே வருத்தம். அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. ஆகவே திட்டு உங்களுக்கு விழுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் இணைத்திருந்த குறிப்புகளையும் படித்தேன். உங்களுக்குக் கண் இருக்கிறது. லிஃப்டுக்குள் நிலவும் அந்த மௌனத்தை நன்றாகவே பிடித்திருக்கிறீர்கள். டிசம்பரில் மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத தெருவில் நடந்து வீட்டுக்கு வருகிற பையன் எதையாவது எழுதிச் சிரித்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்ள முடியும். அது எனக்குப் புரிகிறது, தம்பி. ஆனால் உங்கள் குறிப்புகள் பாதியில் நிற்கின்றன. சிரிப்பு தொடங்கும் இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிடுகிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கடையை விட்டுவிடலாம். 2018-இல் சட்டம் போட்டுத்தான் மூடினார்கள். கல்லாவில் உட்காரும் பெண்ணுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு, சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். கெண்டை மீனும் பெரிய புதிர் இல்லை. வேலை பார்க்கும் இடத்தில் பண்டிகைக்கு உயிர்மீன் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. எல்லா வீட்டிலும் ஃபிரிட்ஜ் இருக்கவில்லை. தொட்டியில் விட்டார்கள். அந்த நாட்களில் வீட்டில் யாரும் குளிக்க முடியாது, குழந்தைகள் மீனுக்குப் பெயர் வைத்துவிட்டு வெட்டவிடாமல் அழும். அதையாவது எழுதியிருக்கலாம்.

வரிசையைப் பற்றி எழுதியதைத்தான் என்னால் விட முடியவில்லை.

என் மகள் போலந்தின் கிராக்கோ நகரில் படித்தபோது ஒரு குளிர்காலம் அவளோடு இருந்தேன். பனியில் வழுக்கி அவளுக்குக் கணுக்கால் பிசகியது. ஒரு மருத்துவமனைக்குப் போனோம். காத்திருக்கும் அறையில் ஆளாளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மகள் நொண்டிக்கொண்டே நுழைந்து, அறைக்கே பொதுவாக வணக்கம் சொல்லிவிட்டு, 'கடைசி ஆள் யார்?' என்று கேட்டாள். ஒரு அம்மாள் கையைத் தூக்கினார். அவ்வளவுதான். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், அந்த அம்மாளுக்கு அடுத்தது நாம். அடுத்து வருபவர் கேட்கும்போது நாம் கையைத் தூக்க வேண்டும். வரிசை அத்தனை பேரின் ஞாபகத்திலும் இருக்கிறது.

எங்களுக்குப் பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முதியவர் இருந்தார். நான் வியந்து பார்ப்பதைக் கவனித்து மகளிடம் ஏதோ சொன்னார். எண்பதுகளில், கம்யூனிஸ்ட் ஆட்சியில், ஃபிரிட்ஜ் வாங்க நின்ற கதை. சரக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நிற்பவர்களே பள்ளிக்கூட நோட்டில் பட்டியல் போட்டுக்கொள்வார்கள். பகலில் மனைவி, இரவில் இவர். இடையிடையே பெயர் கூப்பிடுவார்கள், அப்போது ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். கடைசியில் லாரி வந்தது. உள்ளே இருந்தது சலவை இயந்திரம். ஒருவர்கூட வரிசையைவிட்டு நகரவில்லை, இவரும் வாங்கிவிட்டார். வந்ததை வாங்கி வைத்தால் பிறகு யாரிடமாவது மாற்றிக்கொள்ளலாம். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவரை சுவரைப் பார்த்திருந்த பெண்கள் திரும்பினார்கள். 'ராத்திரியா? எங்கள் தெருவில் விடிகாலைதான் பெயர் கூப்பிடுவார்கள்' என்றார் ஒருவர். 'கைக்குழந்தை இருந்தால் முன்னால் விடுவார்கள், என் தங்கை குழந்தையை நாலு வீட்டுக்காரர்கள் இரவல் வாங்கினார்கள்' என்றார் இன்னொருவர். நாங்கள் நுழைந்தபோது புன்னகைக்காத அந்த அறை முழுக்கச் சிரித்தது.

மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை வாசலில் கேனைப் போட்டு இடம் பிடித்த வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

அங்கே சர்க்கரைக்கு 1976-இல் கூப்பன் வந்தது, இறைச்சிக்கு 1981-இல். அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டமும் வந்துவிட்டது. இறைச்சிக் கூப்பன் ஒழிந்தது 1989-இல். கடை அலமாரியில் வினிகர் பாட்டில் மட்டும் நின்ற நாட்களைப் பற்றி அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கழிவறைக் காகிதம் கிடைத்த அன்று சுருள்களைக் கயிற்றில் கோத்து மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தவர்களின் புகைப்படங்கள் இருக்கின்றன. கூலிக்கு வரிசையில் நிற்பதே சிலருக்குத் தொழிலாக இருந்தது. இதையெல்லாம் அவர்கள் அழுது மட்டும் தீர்க்கவில்லை. 2011-இல் அவர்களுடைய தேசிய நினைவுக் கழகம் 'வரிசை' என்ற பெயரிலேயே ஒரு பலகை விளையாட்டு வெளியிட்டது. கையில் வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல், எதிரே காலிக் கடைகள். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு ஒரு சீட்டு, 'நீங்கள் இங்கே நிற்கவில்லையே' என்று சண்டை போட ஒரு சீட்டு, கல்லாவுக்கு அடியில் ஒளித்த சரக்குக்கு ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டும் யாரோ கால் கடுக்க நின்று கற்றுக்கொண்டது.

நகைச்சுவைக்குச் சோகத்தைவிட அதிக விவரம் வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். சோகத்தை அரைகுறையாகச் சொன்னாலும் கேட்பவர் கொஞ்சம் இரங்குவார். நகைச்சுவை அரைகுறையாக இருந்தால் அது கேலியாகிவிடும். 'கதவைக் கண்டால் வரிசை கட்டுவார்கள்' என்பது கேலி. இரவல் குழந்தை நகைச்சுவை. உங்கள் நண்பர் கோபப்பட்டது உங்கள் சிரிப்பின் மேல் என்று நினைக்கிறீர்கள். சோம்பலின் மேல் என்று நான் நினைக்கிறேன்.

குள்ளர் பொம்மைகளைக் குழந்தைத்தனம் என்று எழுதிய இடத்தில் எனக்குக் கோபமே வந்தது. நீங்கள் குடியிருக்கும் ஊர் அது! ராணுவச் சட்டத்தின்போது ஆட்சிக்கு எதிராகச் சுவரில் எழுதிய முழக்கங்களை வெள்ளையடித்து மறைத்தார்கள். அந்த வெள்ளைத் திட்டுகளின் மேல் 1982-இல் சில இளைஞர்கள் குள்ளர் படம் வரைந்தார்கள். 'ஆரஞ்சு மாற்று' என்ற அந்த இயக்கத்தை நடத்தியவர் வால்டெமார் ஃபிட்ரிக், 'மேஜர்' என்று பட்டப்பெயர். 1987-இல் தெருவில் நின்று ஆளுக்கு ஒரு தாள் கழிவறைக் காகிதம் விநியோகித்தார்கள். 1988 ஜூன் 1 அன்று ஆயிரக்கணக்கானோர் குள்ளர் தொப்பி போட்டுக்கொண்டு ஸ்விட்னிட்ஸ்கா தெருவில் திரண்டார்கள். தொப்பி போட்டதற்காக ஒருவனைப் பிடித்துப்போன போலீஸ்காரர் காவல் நிலையத்தில் என்ன குற்றம் என்று எழுதுவார்? குள்ளனாக இருந்தான் என்றா? அந்த நினைவில்தான் 2001-இல் அதே தெருவில் முதல் குள்ளர் சிலையை வைத்தார்கள். இன்று நீங்கள் பார்க்கும் நூற்றுக்கணக்கான சிறு பொம்மைகள் அதற்குப் பின் வந்தவை. அவை சுற்றுலாவுக்காக வைத்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் சிரிப்பதற்காகக் கைதான ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைக் குழந்தைத்தனம் என்று எழுதலாமா?

மன்னிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா. கேட்க வேண்டாம். குறிப்புகளை நீக்கவும் வேண்டாம். அந்த நண்பரிடம் போய், உங்கள் வீட்டில் வரிசையில் நின்றது யார் என்று கேளுங்கள். அவருக்கு நாற்பது வயதுக்குள் இருந்தால் அவருக்கே தெரியாமல் இருக்கலாம், அம்மாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அம்மாவிடமே அழைத்துப் போனால் இன்னும் நல்லது. போகிற வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றச் சொல்லிச் செருப்பு கொடுப்பார்கள், போட்டுக்கொள்ளுங்கள். அந்த அம்மா சொல்வதைச் சுருக்காமல் எழுதி, முதலில் நண்பருக்குப் படித்துக் காட்டுங்கள். அப்புறம் எனக்கு அனுப்புங்கள், இந்தத் தளத்திலேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா