நோட்ஸ் போனில் இருக்க, கொப்பி எதற்கு?

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். ரியூசன் நோட்ஸ் எல்லாம் வட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வருகிறது. கொப்பியில் எழுது என்றால், "அது மினக்கேடு அம்மா" என்கிறாள். வற்புறுத்தவா, விடவா?
- ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: மகள் சொல்வது பாதி சரி. பிடிஎஃப்பைப் பார்த்து வரிக்கு வரி கொப்பியில் இறக்குவது மினக்கேடுதான். கை ஓடும், கவனம் வேறெங்கோ நிற்கும்.

கையெழுத்தின் நன்மையே அது மெதுவானது என்பதுதான். சொல்வதை எல்லாம் எழுத முடியாது, எதை விடுவது என்று அந்த இடத்திலேயே யோசிக்க வேண்டும். 2014 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் கேட்டதை அப்படியே தட்டினார்கள். விளக்கம் கேட்கும் வினாக்களில் பின்தங்கினார்கள். பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது வித்தியாசம் அவ்வளவு பெரிதாக வரவில்லை. ஆகவே பேனையை மந்திரக்கோல் ஆக்க வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? தாவரம் காபனீரொட்சைட்டை வெல்லமாக்கும் கல்வின் வட்டத்தை எடுங்கள். போனில் இரண்டு தரம் வாசிக்கட்டும். போனை மூடிவிட்டு, வெறுந்தாளில் அம்புக்குறி போட்டு நினைவில் உள்ளதை எழுதட்டும். காபனீரொட்சைட்டு உள்ளே வருவது வரை கை தடையில்லாமல் போகும். கலத்துக்குச் சக்தி கொடுக்கும் ஏரிபி இதில் இரண்டு இடங்களில் செலவாகிறது அல்லவா, அநேகமாக இரண்டாவது இடத்தில் பேனை நிற்கும். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரித்தான் இருந்திருக்கும். பிடிஎஃப்பைத் திறந்து அந்த இடத்தை மட்டும் சிவப்புப் பேனையால் நிரப்பினால் போதும்.

இன்னொன்று, பரீட்சை மண்டபத்தில் இரண்டாம் வினாத்தாள் 3 மணித்தியாலம். மாதக்கணக்கில் பேனை பிடிக்காத விரல் முதல் மணித்தியாலத்திலேயே உளையத் தொடங்கிவிடும். வாரம் ஒரு கட்டுரை வினாவையாவது நேரம் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். போனில் ஆங்கில எழுத்தில் தட்டினால் பலம், பழம் என்று அதுவே நீட்டும். பிள்ளை ஒன்றைத் தொட்டால் சரி. கொப்பியில் ழகரத்தின் வால் பிள்ளையின் தலைக்குள் இருந்துதான் வர வேண்டும்.

மகளுக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். அந்த நேரம் மட்டும் போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் எங்கும் ஓடிவிடாது.