47 வயதில் கார்ட் ரேஸ்: ஓட்டுங்கள், வண்டியை மட்டும் வாங்காதீர்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. சின்ன வயதிலிருந்தே கார் ரேஸ் ஆசை. போன மாதம் நண்பர்களோடு கோ-கார்ட் (தரையோடு ஒட்டிய, கூரையில்லாத சின்னப் பந்தய வண்டி) ஓட்டப் போனதில் அது திரும்பவும் பிடித்துக்கொண்டது. தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பழைய ரேஸ் கார்ட் ஒன்று, ஸ்டாண்டு, உதிரி டயர், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 3.8 லட்சத்துக்கு வருகிறது. லைசென்ஸையும் அவரே எடுத்துத் தருகிறாராம். வாங்கலாமா? இந்த வயதில் தொடங்கலாமா? அடிபட்டால் இன்சூரன்ஸில் ஒரு பைசா வராது என்கிறார் என் மனைவி. உண்மையா?

பதில்: வாங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அட்வான்ஸ் கொடுக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டது போலத் தெரிகிறது. வயது ஒரு தடையே இல்லை. இன்சூரன்ஸ் விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வது பாதி சரி. மீதிப் பாதியைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லியாக வேண்டும்.

வயதை முடித்துவிடுவோம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து, ‘அவர் 53 வயதில் ஓட்டுகிறாரே’ என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. அவர் 53 வயதில் தொடங்கவில்லையே. 2003-லேயே ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010-இல் ஃபார்முலா 2 என்று ஓட்டியவர். உங்களுக்குப் பொருந்துகிற ஆள் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன். நாற்பதைத் தாண்டிய பிறகு பந்தயம் பழகி, 1979-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த அணியில் இருந்தார். அப்போது அவருக்கு 54. ரோட்டாக்ஸ் என்கிற எஞ்சின் கம்பெனியின் சர்வதேச கார்ட் போட்டிகளில் 32 வயது ஆனவர்களுக்கென்றே ‘மாஸ்டர்ஸ்’ பிரிவு உண்டு. சரி, வயது போதும்.

இப்போது அந்த வண்டி. நான் கார்ட் மெக்கானிக்காகத் தொடங்கிப் பயிற்சியாளராக ஆனவன். பழைய கார்ட் விற்கிறவர்களின் பேச்சு எனக்கு மனப்பாடம். “சார், ரெண்டே சீசன் ஓடின வண்டிங்க, ஒரு பையன் வெளிநாடு படிக்கப் போயிட்டான், அதான் குடுக்கறாங்க.” அந்தப் பையனை நான் இதுவரை பார்த்ததில்லை. இருபது வருஷமாக அவன் வெளிநாடு போய்க்கொண்டே இருக்கிறான்.

நீங்கள் நண்பர்களோடு ஓட்டியது வாடகை கார்ட். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், சுமார் 9 குதிரைத்திறன், சுற்றிலும் பம்பர், கனமான உடம்பு. உங்களுக்கு விற்கப் பார்ப்பது ரேஸ் கார்ட்: 125 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், ஏறக்குறைய 30 குதிரைத்திறன், ஆனால் வண்டியின் எடை நூறு கிலோவுக்கும் கீழே. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உட்கார்ந்து முதல் வளைவைத் திருப்பினால்தான் உறவே இல்லை என்று தெரியும்.

கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது. வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற டிஃபரென்ஷியலும் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் பிணைந்திருப்பதால், வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் மயிரிழை தூக்கினால்தான் வண்டி திரும்பும். அப்படித் தூக்குவதற்காக சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் குழாயே கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும். காரில் ஸ்பிரிங் செய்கிற வேலையை இங்கே அந்த இரும்புக் குழாய் செய்கிறது. பல வருஷம் முறுக்கிய குழாய், பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி, தளர்ந்து போகும். பெயின்ட் அடித்தால் வெளியே தெரியாது. அதைத்தான் ‘ஃபுல் ரீஃபர்பிஷ்டு’ என்று சொல்லி விற்கிறார்கள்.

நேரில் போய்ப் பார்த்தே தீருவேன் என்றால் ஒன்று செய்யுங்கள். இரண்டு பேராகப் பிடித்து வண்டியை ஒருக்களித்து நிறுத்தச் சொல்லுங்கள். அடிக்குழாய் மீது, குறிப்பாக சீட்டுக்குக் கீழே, கட்டை விரலை வைத்து நீளவாக்கில் இழுங்கள். குழாய் உருண்டையாக இருக்க வேண்டும். விரலுக்குத் தட்டையாக, ஸ்கேல் விளிம்பு மாதிரிப் பட்டால், தரையில் உரசி உரசித் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெல்டிங் பக்கத்தில் புதுப் பெயின்ட் மட்டும் பளபளத்தால் அங்கே விரிசல் ஒட்டியிருக்கிறார்கள். அப்புறம் எஞ்சின். ரோட்டாக்ஸ் எஞ்சின் என்றால் அதில் ஒரு சீல் இருக்கும், ‘பாஸ்போர்ட்’ என்று ஒரு சிறு புத்தகமும் இருக்கும். எண்கள் ஒத்துப்போக வேண்டும். இந்த எஞ்சினுக்கு வயதைக் கிலோமீட்டரில் எண்ணுவதில்லை, ஓடிய மணி நேரத்தில் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கு எழுதியில்லாத எஞ்சின், பாஸ்புக் இல்லாத சேமிப்புக் கணக்கு. உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

எல்லாமே சரியாக இருந்தால்கூட வாங்காதீர்கள். அந்த மாடல் வண்டியை அனுமதிக்கிற போட்டிப் பிரிவு இன்றைக்கு நடக்கிறதா என்று விற்பவர் சொல்லவே மாட்டார். பிரிவுகள் மாறிக்கொண்டே இருக்கும். இந்த விளையாட்டை நடத்துகிறவர்கள் சீசன் அட்டவணையைக்கூட உருப்படியாக முன்கூட்டியே சொன்னதில்லை. லீவு போட வேண்டிய மாதச் சம்பளக்காரனைப் பற்றி யாருக்குக் கவலை?

‘லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன்’ என்பது அடுத்த வலை. போட்டி லைசென்ஸ் கொடுப்பது எஃப்எம்எஸ்சிஐ என்கிற இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு. உங்கள் பெயரில், நீங்களே விண்ணப்பிக்கலாம். பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், புகைப்படம், கட்டணம் போன்றவைதான் கேட்பார்கள். தரகர் ‘எடுத்துத் தருவது’ இதில் எதை என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவச் சான்றிதழைத்தான். உங்களைத் தொட்டும் பார்க்காத ஒரு டாக்டரின் கையெழுத்து. நாளைக்கு அடிபட்டு க்ளெய்ம் போட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் எடுத்துப் பார்க்கிற தாள் அதுதான். சர்வதேச லைசென்ஸ் கேட்கிறவர் 45 வயதைத் தாண்டியிருந்தால் ட்ரெட்மில் ஈசிஜி காட்ட வேண்டும் என்பது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி. உங்களுக்கு அந்த லைசென்ஸ் தேவையில்லை, அந்தப் பரிசோதனை தேவை. உங்கள் டாக்டரிடமே போய் ட்ரெட்மில்லில் ஓடிவிட்டு வாருங்கள்.

உடம்பில் வேறு இரண்டு இடங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று விலா எலும்பு. கார்ட்டில் சீட் பெல்ட் கிடையாது. வளைவில் உடம்பு முழுவதும் சீட்டின் ஓரத்தில்தான் சாயும். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது, மறுநாள் காலையில் தும்மும்போது தெரியும். நாற்பது வயதுக்கு மேல் என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் முதல் மாதம் விலாவைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். விலாக் கவசம் இல்லாமல் ரேஸ் கார்ட்டில் ஏறாதீர்கள். இன்னொன்று கண்ணாடி. உங்கள் வயதில் பெரும்பாலும் மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் என ஒரே கண்ணாடி போட்டிருப்பீர்கள். ஹெல்மெட்டுக்குள் தலை கொஞ்சம் நிமிர்ந்தால்கூட, அடுத்த வளைவைப் படிக்கிற பகுதி வழியாகப் பார்ப்பீர்கள். அது மங்கலாகத்தான் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி, மெல்லிய காதுக்கம்பியோடு, தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் வீட்டம்மா எழுப்பிய கேள்வி. உங்கள் சொந்தக் காரை டிராக்கில் கொண்டுபோய் விரட்டினால் மோட்டார் பாலிசி கைகொடுக்காது. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இரண்டும் அந்தப் பாலிசியின் உபயோக வரம்புக்கு வெளியே என்று அச்சடித்தே இருக்கிறது. இதில் அவர் சொல்வது சரி. தனிநபர் விபத்துப் பாலிசியிலும் பந்தயத்தை ஒட்டுமொத்தமாகத் தள்ளி வைப்பது உண்டு, பயிற்சி ஓட்டத்தையும் சேர்த்து.

ஆனால் மருத்துவக் காப்பீடு அப்படியில்லை. இங்கேதான் ஏஜென்ட், தரகர், டிராக்கில் டீ குடிக்கிறவர் என எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்கள். காப்பீட்டுக் கம்பெனிகளை மேற்பார்க்கிற ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குப் பட்டியலில் அபாயகரமான, சாகச விளையாட்டுகள் என்று ஒரு விலக்கு உண்டு. அதில் மோட்டார் ரேஸிங் பெயர் சொல்லியே இருக்கிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். முழு வரியையும் படியுங்கள். அந்த விளையாட்டில் ‘தொழில்முறை வீரராக’ கலந்துகொண்டதால் வருகிற சிகிச்சைச் செலவைத்தான் அது விலக்குகிறது. கணக்குப் பிரிவில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காசில் கார்ட் ஓட்டுகிறவர் தொழில்முறை வீரர் இல்லை. ஆகவே உங்கள் பாலிசியில் இந்தப் பொது வாசகம் மட்டும் இருந்தால், விலா உடைந்ததற்கு ஆஸ்பத்திரிச் செலவு கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. போட்டி லைசென்ஸ் வைத்திருப்பதாலேயே ஒருவர் தொழில்முறை ஆகிவிடுவாரா? என் கணக்கில் ஆகமாட்டார், லைசென்ஸ் என்பது அனுமதிச் சீட்டு, சம்பளச் சீட்டு இல்லை. கோப்பையோடு ஒரு ஐயாயிரம் ரூபாய் பரிசு வந்தால்? அதற்கும் ஆகக் கூடாது, ஆனால் க்ளெய்ம் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். ஸ்பான்சர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு பணம் வாங்கினால் கதை வேறு. அப்போது நீங்களே வாதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டீர்கள். எதற்கும், பொழுதுபோக்காக கார்ட் ஓட்டப் போகிறேன், இதற்கு உங்கள் பாலிசி பொருந்துமா என்று கம்பெனிக்கு மெயில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஏஜென்ட் போனில் சொல்வது பதில் ஆகாது. அவர்கள் இரண்டு வாரம் பதில் போடாமல் இழுப்பார்கள், பிறகு கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு பிடிஎஃப் அனுப்புவார்கள். விடாமல் திரும்பக் கேளுங்கள். ‘தொழில்முறை’ என்ற ஒரு சொல்லில் லட்ச ரூபாய் தொங்குகிறது.

சரி, தொடங்குவது எப்படி? முதல் ஒரு வருஷம் வாடகை கார்ட். ஒவ்வொரு ரவுண்டும் எத்தனை நொடி என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் சிறந்த நேரத்துக்கும் மோசமான நேரத்துக்கும் இடைவெளி அரை நொடிக்குள் வரும்வரை ரேஸ் கார்ட்டை நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு பயிற்சிப் பள்ளி. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சுமார் 2.1 கிலோமீட்டர். மாருதி எஞ்சினை வைத்தே இங்கே பந்தயக் கார் கட்டிய கரிவரதனின் பெயரில் உள்ள டிராக் அது. ரேஸ் வண்டியை அணியே வைத்திருந்து, நாள் வாடகைக்குக் கொடுத்து, மெக்கானிக்கையும் சேர்த்துத் தருகிற ஏற்பாடு உண்டு. உங்கள் 3.8 லட்சத்தை அதில் செலவழியுங்கள். கையெழுத்துப் போடுமுன் சேதச் செலவு யாருடையது என்ற வரியைப் படியுங்கள். உங்களுடையதுதான், உச்சவரம்பு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். காருக்கு, அதாவது சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் டிராக்குக்கு, இதெல்லாம் முடிந்த பிறகு வரலாம்.

சொந்தமாக வாங்க வேண்டியவை ஹெல்மெட், கையுறை, விலாக் கவசம். தரகர் சேர்த்துத் தருகிற பழைய ஹெல்மெட் வேண்டாம், அது எத்தனை முறை கீழே விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? புது ஹெல்மெட்டின் உள்ளே துணியை விலக்கினால் ஸ்னெல் என்கிற பாதுகாப்புச் சோதனை அமைப்பின் ஸ்டிக்கர் இருக்க வேண்டும். ‘கே’ என்று தொடங்கினால் கார்ட்டுக்கு. ‘எஸ்ஏ’ என்றால் தீ தாங்கும் சோதனையும் முடிந்தது, காருக்கும் ஆகும். ‘எம்’ என்றால் அது மோட்டார் சைக்கிளுக்கு. பின்னால் கார் ஓட்டுகிற எண்ணம் இருந்தால் முதலிலேயே ‘எஸ்ஏ’ வாங்கிவிடுங்கள்.

அந்தத் தெரிந்தவர் திரும்பக் கூப்பிட்டால், எஞ்சின் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். விலையைக் குறைத்துக்கொள்வதாக ஒரு மெசேஜ் வரும். போட்டோ வராது.