பேச்சைக் கேட்டு அழுதது ஏன்? மைக் செட் போட்டவன் சொல்கிறேன்

"பொதுக்கூட்டத்தில் ஒருவர் பேசியதைக் கேட்டு அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் புதிதாக எதுவுமே சொல்லவில்லை. இது எப்படி நடக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கூட்டத்தின் நடுவில் நின்றிருப்பீர்கள். அங்கே நின்றால் இது பிடிபடாது. நான் 22 வருடம் மேடைக்குப் பக்கவாட்டில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருந்தவன். அறந்தாங்கிப் பக்கம் எங்களுக்கு மைக் செட் தொழில். அப்பாவுக்குப் பிறகு நான். அந்த இடத்திலிருந்து பார்த்தால் பேசுகிறவர் முகமும் தெரியும், கேட்கிறவர்கள் முகமும் தெரியும்.

நல்ல பேச்சாளர் எடுத்த எடுப்பில் கத்தவே மாட்டார். தெருக்கோடி வரை குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்போம். 170 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயின் சத்தம் மேடைக்குத் திரும்பி வர அரை நொடி ஆகும். புதியவர்கள் தன் குரலே திரும்பி வருவதில் தடுமாறிப் போவார்கள். பழகியவர்கள் அதற்கு இடம் விட்டு நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். அந்த நிறுத்தத்தில்தான் கேட்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம் நம் மொழி. வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதுவரை அடுக்கிக்கொண்டே போனால் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும். "மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களுக்கோ நித்திரை" என்று அண்ணா ஒரு கூட்டத்தில் பேசியதை அப்பா காலத்து ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள். அடுத்து 'முத்திரை' வரப்போகிறது என்று கேட்கிறவன் மனதில் முன்பே ஓடிவிடும். அப்போது அது அவனுடைய சொல்லாகிவிடுகிறது. தன் வாயில் வந்த சொல்லை யார் சந்தேகப்படுவார்கள்? ஆகவே நீங்கள் அழுததற்கு வெட்கப்பட வேண்டாம்.

எல்லாப் பேச்சும் ஏமாற்று என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மைக்கே இல்லாமல் பேசினார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள். அந்த இருவரையும் கைது செய்ததும் திருநெல்வேலியே கொந்தளித்தது. அங்கே கூலி குறைவு என்பது உண்மை. பேச்சு அதற்கு வாய் கொடுத்தது. நான் பயப்படுவது வேறு மாதிரிப் பேச்சுக்கு.

2003 என்று நினைவு. எங்கள் ஊருக்கு நாலு கிலோமீட்டரில் ஒரு ஊர். சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பையன் மேல் வண்டி மோதி இறந்துவிட்டான். மூன்றாம் நாள் சாயங்காலம் இரங்கல் கூட்டம். வெளியூரிலிருந்து ஒருவரைப் பேசக் கூட்டி வந்தார்கள். பையனின் செருப்பில் ஆரம்பித்தார். ஒற்றைச் செருப்பு ரோட்டில் கிடந்ததை அப்படித் தணிந்த குரலில் சொன்னார். பெண்கள் பக்கம் அழுகை எழுந்தது. எனக்கும் கண் கலங்கியது. பத்து நிமிடம் அழ விட்டுவிட்டு, "யார் வண்டி?" என்றார். யாரோ ஒருவர் பதில் சொன்னார். "எந்த ஊர் வண்டி?" இப்போது முப்பது நாற்பது பேர் சேர்ந்து சொன்னார்கள். "அந்த ஊருக்கு எந்த வழி?"

அதற்கு யாரும் வாயால் பதில் சொல்லவில்லை. மொத்தக் கூட்டமும் கிழக்கே திரும்பிப் பார்த்தது. அந்தத் திரும்பலை நான் இன்றுவரை மறக்கவில்லை. என் கழுத்தும் திரும்பியிருந்தது.

நான் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சை அணைத்தேன். கேட்டவர்களிடம் "ஃபியூஸ் போயிருச்சுண்ணே" என்றேன். அவர் நரம்பு புடைக்கக் கத்தினார். முன்னால் இருந்த நாலு வரிசைக்கு மேல் போகவில்லை. பின்னால் நின்றவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். கால் மணி நேரம் போயிருக்கும். ஒரு பெரியவர் எழுந்து, "பெத்தவ வீட்டுல தனியாக் கிடக்கா, அங்க போங்கப்பா" என்றார். கூட்டம் அப்படியே கலைந்து அந்த வீட்டுப் பக்கம் போனது.

"ஒருவர் பேச்சை நிறுத்த நீ யார்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கலாம். நான் கலவரத்தைத் தடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஒன்றுமே நடக்காமலும் போயிருக்கலாம். ஆனால் கிழக்கே அந்த வண்டிக்காரர் ஊரில் இருந்தவர்களுக்கும் அந்தச் சாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த நிமிடத்தில் என் கைக்கு எட்டியது அந்த சுவிட்ச் ஒன்றுதான். இன்றைக்கும் அதைத்தான் செய்வேன்.

விஷயம் வெளியே தெரிந்தபின் கூட்டம் நடந்த ஊரில் இரண்டு வருடம் எனக்கு வாடகை வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் மைக் செட்காரனுக்குக் கடன் வைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பந்தலுக்கும் போஸ்டருக்கும் அன்றைக்கே பணம் போய்விடும். எங்களிடம் மட்டும் "அப்புறம் வாங்கிக்கலாம் தம்பி". ராத்திரி 10 மணிக்கு மேல் மைக் ஓடினால் போலீஸ் பிடித்துப்போவது எங்கள் பெட்டியைத்தான், பேசியவரை இல்லை. 2016இல் கடையை மூடியபோது அப்பாவின் நோட்டில் இருந்த பாக்கியும் என் நோட்டில் இருந்த பாக்கியும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல். அந்த இரங்கல் கூட்டத்து 650 ரூபாயும் அதில் இருக்கிறது.